தகப்பன் பெயர்: தெரியாது

ஆன்ட்லர்ஸ், ஓக்லஹோமா
18 ஏப்ரல் 1966

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் சுகந்தானே? உன் இடுப்பு வலி குறைந்ததா, இல்லை இன்னும் டிராக்டரை விட்டு இறங்கும்போது பாட்டு பாடுகிறாயா? நாங்கள் நன்றாக இருக்கிறோம். போன வாரம் அடித்த காற்றில் கோழிக்கூட்டின் கூரை பறந்துபோய்விட்டது. கோழிகள் அசையவே இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் வானத்தைப் பார்த்தபடி முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நீ சினையோடு கொடுத்த பெண்குதிரை ஜூனிபர் நேற்று விடிகாலையில் குட்டி போட்டாள். பெட்டைக் குட்டி. அரை மணி நேரத்தில் எழுந்து நின்றுவிட்டது. ஆனால் அண்ணா, நிறத்தைக் கேட்டால் நீ நம்பமாட்டாய். ஜூனிபர் முழுச் செவலை. உன் பொலிகுதிரை டீக்கனும் நெற்றிக் கோட்டைத் தவிர முழுச் செவலை. குட்டிக்கோ கழுத்திலும் விலாவிலும் வயிற்றிலும் பெரிய பெரிய வெள்ளைத் திட்டு. முகம் பாதி வெள்ளை. ஒரு கண் நீலம்.

உன் மாப்பிள்ளை எமெட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தடவித் தடவிப் பார்த்தார். "என்னடி இது, சுடச்சுட வெள்ளை கிரேவியை யாரோ இது முதுகுல கவுத்துட்டாங்க போல" என்றார். அதனால் பெயரும் கிரேவி ஆகிவிட்டது. இரண்டு வருடமாகச் சரியாகச் சிரிக்காத மனிதர், நேற்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

இவ்வளவு அழகான பரிசை இதுவரை யாரும் எங்களுக்குக் கொடுத்ததில்லை. அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
ஓலீட்டா

*

கிளாரண்டன், டெக்சாஸ்
27 ஏப்ரல் 1966

ஓலீட்டாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் நலம். மழை இல்லை.

அந்தக் குட்டி டீக்கனுடையது அல்ல. டீக்கனுக்கு ஒன்பது வருடத்தில் இருநூறு குட்டிகளுக்கு மேல் பிறந்திருக்கின்றன. எல்லாம் ஒரே நிறம். திட்டு விழாத ரத்தம் என்று நம்பித்தான் இந்த வட்டாரம் முழுக்கத் தங்கள் பெட்டைகளை அவனிடம் கொண்டு வருகிறார்கள். முழங்காலுக்கு மேல் வெள்ளை ஏறினால் எங்கள் குதிரைச் சங்கம் குட்டியைப் பதிவு செய்யாது என்பது உனக்குத் தெரியாததல்ல. நம் வீட்டில் வளர்ந்தவள் நீ.

வேலி தாண்டி ஏதோ குதிரை வந்திருக்கிறது. உங்கள் பக்கம் வேலிகள் எப்படி இருக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன்.

குட்டியை யாருக்கும் காட்டாதே. டீக்கன் பெயரை யாரிடமும் சொல்லாதே. பால் மறந்ததும் ஆள் அனுப்புகிறேன், ஏற்றிவிடு. பதிலுக்கு நல்ல செவலைக் குட்டி ஒன்று தருகிறேன்.

எமெட்டை விசாரித்ததாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

வெல்டன்

*

ஆன்ட்லர்ஸ்
6 மே 1966

அன்புள்ள அண்ணா,

நலமா? எனக்கு உடம்பு நலம். மனசுதான் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எரிகிறது.

நீ ஜூனிபரை எங்கள் வாசலில் இறக்கியது அக்டோபரில். "அஞ்சு மாசம் ஆகுது, ஓட விடாதே" என்று சொன்னது நீ. குதிரைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம். விரல் விட்டு எண்ணிப் பார். வேலி தாண்டிய குதிரை ஒன்று இருந்தால் அது உன் வேலியைத்தான் தாண்டியிருக்க வேண்டும். எங்கள் வேலியைப் பற்றிப் பேசுகிறாயே, அந்தக் கம்பியைக் கட்டியது உன் மாப்பிள்ளை. அவர் காதில் விழாமல் அந்த வரியை விழுங்கினேன்.

சரி, சண்டை போதும். காரியத்துக்கு வருகிறேன். விசிட்டா ஃபால்ஸிலிருந்து கில்கிரிஸ்ட் என்று ஒருவர் இந்தப் பக்கம் வந்திருந்தார். பெயின்ட் என்கிற திட்டுக் குதிரைகளாகவே தேடித் தேடி வாங்குகிறவர். உங்கள் சங்கம் கழித்துக்கட்டுகிற திட்டுக் குதிரைகளுக்கென்றே இப்போது புதிதாக ஒரு சங்கம் வந்திருக்கிறதாம். எங்கள் வேலியோரம் வண்டியை நிறுத்தி இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார் மனிதர். "தகப்பன் யாருன்னு எழுதின தாள் இருந்தா நல்ல விலை தர்றேன்மா. தாள் இல்லேன்னா இது வெறும் அழகான குதிரை. அழகுக்கு யாரு காசு கொடுப்பா?" என்றார்.

டீக்கன் பெயரை நான் சொல்லவில்லை. புதுச் சங்கத்தின் தாளை இதோடு வைத்திருக்கிறேன். கீழே, பொலிகுதிரையின் சொந்தக்காரர் என்று போட்ட இடத்தில் உன் கையெழுத்து வேண்டும். அவ்வளவுதான். குளிர் வருவதற்குள் குட்டியை விற்க வேண்டும் அண்ணா. ஏன் என்று கேட்காதே. தேவை இருக்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஓலீட்டா

*

ஆன்ட்லர்ஸ்
24 மே 1966

அன்புள்ள அண்ணி,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பீச் மரங்கள் இந்தத் தடவை பனியில் தப்பித்தனவா? அண்ணனிடமிருந்து பதில் வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். இதை அவரிடம் காட்ட வேண்டாம். எமெட்டுக்கும் நான் எழுதுவது தெரியாது.

அண்ணி, எமெட்டுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணிலும் புரை. கடைக்காரரின் முகம் தெரியாமல் குரலை வைத்துத்தான் பேசுகிறார். போன மாதம் லாடம் அடிக்கும்போது ஆணி குளம்புக்குள் தப்பாக இறங்கி, குதிரை உதைத்துவிட்டது. விலாவில் நீலம் பாரித்துக் கிடந்தார். டல்லாஸில் ஒரு டாக்டர் அறுவை செய்து புரையை எடுத்துவிடலாம் என்கிறார். இந்த வருடமே செய்ய வேண்டுமாம். எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை. விற்பதற்கு இருப்பது இந்தக் குட்டி ஒன்றுதான்.

"அண்ணன்கிட்ட கேக்கலாம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். கோப்பையை வைத்த வேகத்தில் காபி மேஜையெல்லாம் சிந்தியது. "லாடம் அடிக்கிறவனுக்குக் கண்ணு தெரியலைன்னா நாளைக்கு ஒருத்தனும் குதிரையைக் கொண்டு வரமாட்டான். அதுலயும் உன் அண்ணனுக்கு ஒரு வார்த்தை தெரியக்கூடாது. குதிரைக்குப் பின்னாடி குனிஞ்சு நிக்கிறவன்தான் உனக்குக் கிடைச்சானான்னு கல்யாணத்தன்னைக்குக் கேட்டாரே, அவர் காசுல என் கண்ணு திறக்க வேணாம்" என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அண்ணன் கடிதங்களை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். வேண்டாத இடங்களைத் தாண்டிவிடுகிறேன். சில கடிதங்களில் கடைசியில் ஊர்ப் பெயர் மட்டும்தான் மிஞ்சுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். மேய்ச்சலில் ஜூனிபர் நிற்பது அவருக்குத் தெரிவதில்லை. கிரேவி மட்டும் தெரிகிறது. அந்த வெள்ளை அசைவது தெரிகிறது. சாயங்காலம் வேலியில் சாய்ந்துகொண்டு, "இப்ப இந்தப் பக்கம் ஓடுது பாரு, இப்ப திரும்புது பாரு" என்று எனக்கே சொல்லிக்காட்டுகிறார். அதைத்தான் விற்கப் போகிறோம். அவருக்கும் தெரியும்.

அண்ணன் கையெழுத்துப் போட உங்களால் ஏதாவது செய்ய முடியுமா? காரணத்தைச் சொல்லாமல்.

உங்கள்,
ஓலீட்டா

*

கிளாரண்டன்
11 ஜூலை 1966

என் செல்லம் ஓலீட்டா,

நாங்கள் இருக்கிறோம். பீச் எல்லாம் போச்சு. எமெட்டின் விலா ஆறியதா? உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாவு டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். அந்த டின்னை உன் அண்ணன் இருபது வருடத்தில் ஒரு நாளும் திறந்ததில்லை.

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீ உன் வீட்டு ரகசியத்தைச் சொன்னாய். நானும் என் வீட்டு ரகசியத்தைச் சொல்கிறேன். அப்போதுதான் உனக்கு உன் அண்ணன் மேல் வெறுப்பு வராது.

உன் குட்டி முதலாவது அல்ல. டீக்கனுக்கு இதற்கு முன்னால் மூன்று திட்டுக் குட்டிகள் பிறந்திருக்கின்றன. மூன்றும் எங்கள் பெட்டைகளுக்கு, எங்கள் கொட்டிலில், வேறு வேறு வருடங்களில். ஒவ்வொரு தடவையும் செத்துப் பிறந்தது என்று வெளியே சொன்னோம். செத்துப் பிறக்கவில்லை. விடியுமுன் உன் அண்ணன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போவார். பிறகு ஓடைக்கரையில் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடமாட்டார். நான் தட்டை வைப்பேன், எடுப்பேன். ஒரு வார்த்தை பேசியதில்லை நாங்கள். அடுத்தவர்கள் பெட்டைக்கு இப்படிப் பிறந்ததில்லையா என்று கேட்பாய். பிறந்திருந்தாலும் அவர்களும் எங்களைப் போலவே வாயை மூடியிருப்பார்கள்.

இந்த வசந்தத்தில் மட்டும் டீக்கனிடம் நாற்பது பெட்டைகள் வந்தன. அதில்தான் எங்கள் சாப்பாடு. அவர் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடம் பத்து வருமோ என்னமோ. அது மட்டும் என்றால் போட்டுவிடுவார் என்றே நினைக்கிறேன். அந்தக் கையெழுத்தைப் போட்டால் அந்த மூன்றையும் ஒத்துக்கொண்டது போல ஆகும் அல்லவா? அதுதான் அவரால் முடியவில்லை.

நீ அனுப்பிய தாள் அவர் தொப்பிக்குள் இருக்கிறது, தோல் பட்டைக்கும் துணிக்கும் நடுவில் மடித்து. தினமும் எடுத்துப் பார்க்கிறார். வியர்வையில் ஓரம் மஞ்சளாகிவிட்டது. எமெட் விஷயத்தை நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே கையெழுத்துப் போடுவார், பணமும் தூக்கிக் கொடுப்பார், எனக்குத் தெரியும். பத்துத் தடவை வாய் வரை வந்துவிட்டது. ஆனால் நீ சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாய். என்ன செய்ய, சொல்.

நெல்டா

*

ஆன்ட்லர்ஸ்
2 செப்டம்பர் 1966

அன்புள்ள அண்ணா,

வெயில் தாங்க முடியவில்லை. உங்கள் பக்கம் இன்னும் மோசம் என்று வானொலியில் சொன்னார்கள். தொப்பியைக் கழற்றாதே. தண்ணீர் நிறையக் குடி. அண்ணியையும் வெயிலில் அலைய விடாதே.

அந்தத் தாளைப் பற்றி நீ யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். நீ எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன், என் கல்யாணத்துக்குக் கோபத்தோடாவது வந்து நின்றவன். ஒரு கையெழுத்துக்காக உன்னோடு பேசாமல் இருக்க எனக்கு வயசில்லை. உனக்கு முடியாத காரியம் என்று ஒன்று இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். நான் கேட்கமாட்டேன்.

கிரேவி பால் மறந்துவிட்டாள். தாள் இல்லாமலேயே ஆர்ட்மோர் ஏலத்துக்கு அனுப்பப் போகிறேன். அக்டோபர் எட்டாம் தேதி. பக்கத்துப் பண்ணையின் டிரெய்லரில் ஏற்றிவிடுகிறேன். என்னால் கூடப் போக முடியாது. போகவும் மனசில்லை. தகப்பன் பெயர் கேட்ட இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. உன் பெயர் எங்கேயும் வராது. நிம்மதியாக இரு.

கிடைக்கிற விலை கிடைக்கட்டும். எங்களுக்கு அவ்வளவு அவசரம் ஒன்றுமில்லை.

எமெட் உன்னைக் கேட்டார். நன்றாக இருக்கிறார்.

உன் தங்கை,
ஓலீட்டா

*

கிளாரண்டன்
21 செப்டம்பர் 1966

ஓலீட்டாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

இங்கே இரண்டு நாள் மழை. ஓடையில் தண்ணீர் வந்தது. கிழக்கு வேலி கொஞ்சம் சரிந்தது, நிமிர்த்திவிட்டேன். எங்கள் வேலியும் அப்படி ஒன்றும் ஒழுங்கில்லை. எமெட்டிடம் சொல்.

ஏலம் காலையிலா, மதியத்துக்கு மேலா? சும்மாதான் கேட்டேன்.

வெல்டன்

*

ஆர்ட்மோர், ஓக்லஹோமா
8 அக்டோபர் 1966, மாலை

அன்புள்ள ஓலீட்டா,

நீ சுகமாக இருப்பாய். நான் சுகம். ஏலக் கொட்டகைக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்னால் பெக்கான் பை என்கிற இனிப்பு ஒரு துண்டு இருக்கிறது. காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை, இப்போதுதான் பசிக்கிறது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நல்லவன் வேஷம் போட விருப்பம் இல்லை. நான் இங்கே வந்தது கையெழுத்துப் போட அல்ல. சத்தமில்லாமல் ஏலம் கேட்டு, நல்ல விலை கொடுத்து நானே குட்டியை வாங்கிவிடுவது, உனக்கும் பணம் வரும், ஊருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டு வந்தேன். வாங்கின பிறகு அதை என்ன செய்வேன் என்று நான் யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தேன். யோசிக்காத மாதிரி வண்டி ஓட்டினேன்.

கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தெரிந்த முகங்கள் ஏழெட்டு. டீக்கனிடம் வருஷா வருஷம் ஆறு பெட்டைகள் அனுப்பும் கிழவர் ரூபன் ஹாஸ்கெல் முன் வரிசையில் இருந்தார். நாற்பத்தொன்றாம் எண் என்று கூப்பிட்டார்கள். உன் குட்டி உள்ளே வந்தது.

ஓலீட்டா, அது நடந்து வரவில்லை. வளையத்துக்குள் கால் வைத்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கூட்டத்தையே ஒரு பார்வை பார்த்தது. நாம் அதை வாங்க வந்திருப்பது போல இல்லை, அது நம்மை வாங்க வந்தது போல. டீக்கன் குட்டியாக இருந்தபோது அச்சு அசல் அதே பார்வை. கூட்டத்தில் சிரிப்பு. "யாரு வீட்டு மேஜைத் துணி இது?" என்று ஒருவன் கத்தினான்.

ஏலம் விடுகிறவன் தாளைப் பார்த்துப் படித்தான். "பெட்டைக் குட்டி, ஆறு மாசம். தாய் ஜூனிபர். தகப்பன் பேரு..." என்று நிறுத்தி, தாளைத் திருப்பிப் பார்த்தான். "தகப்பன் பேரு தெரியாது" என்றான்.

மறுபடியும் சிரித்தார்கள். கறிக்கு எடை போட்டு வாங்கும் ஆள் நாற்பது டாலர் என்றான். இன்னொருவன் ஐம்பத்தைந்து. எண்பத்தைந்தில் நின்றுவிட்டது. கில்கிரிஸ்ட் என்று நீ எழுதிய ஆள் அங்கேயே இருந்தார். தாள் இல்லை என்பதால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கியிருக்க வேண்டும். கை வரவில்லை. நீ அந்த இடத்தை எனக்காக வெறுமையாக விட்டிருக்கிறாய். அதைத்தான் அவன் மைக்கில் படித்தான். உன்னை, நம் வீட்டுப் பெண்ணை, வேலி பார்க்கத் தெரியாதவள் என்று ஊர் சிரிக்கிறது. நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்துவிட்டேன்.

"ஏலத்தை நிறுத்துப்பா" என்றேன்.

அவனுக்கு என்னைத் தெரியும். "அட, வெல்டன் ஸ்டாடர்டா. திட்டுக் குதிரை வாங்க நீங்களா வந்தீங்க? வழி தவறி வந்துட்டீங்களா?" என்றான்.

"வாங்க வரலை. தகப்பன் பேரு தெரியாதுன்னு படிச்சியே, அதைத் திருத்து. அதோட அப்பன் என் டீக்கன்."

ரூபன் ஹாஸ்கெல் மெதுவாகத் திரும்பினார். "டீக்கனுக்குத் திட்டுக் குட்டியா? வெல்டன், வெயில்ல நின்னியா?"

"டீக்கனுக்குத்தான். இதுக்கு முன்னாடியும் பிறந்திருக்கு. நான்தான் வெளியே சொல்லலை."

கீழே இறங்கிப் போனேன். அங்கேயிருந்து மேடைக்கு எத்தனை படி என்று எனக்குத் தெரியாது. தொப்பியிலிருந்து தாளை எடுத்தேன். பேனா இல்லை. ஏலக்காரன் தன் பேனாவைக் கொடுத்தான். எல்லோர் கண் முன்னாலும் கையெழுத்துப் போட்டேன். ரூபன் எழுந்து வெளியே போனார். பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். போகட்டும்.

பிறகு விலை ஏறியது. கில்கிரிஸ்டும் டுல்சாக்காரர் ஒருவரும் போட்டி போட்டார்கள். எண்ணூற்று எழுபத்தைந்துக்குக் கில்கிரிஸ்ட் வாங்கினார். காசோலை உன் பெயருக்கு வரும். குட்டியை நல்ல ஆளிடம்தான் கொடுத்திருக்கிறோம். ஏற்றுவதற்கு முன் அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார், ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கம் இல்லாமல்.

இத்தனை மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்கு என்னை மன்னித்துக்கொள். வேலியைப் பற்றி எழுதியதற்கும்.

உன் அண்ணன்,
வெல்டன்

*

ஆன்ட்லர்ஸ்
30 அக்டோபர் 1966

என் அன்பு அண்ணா,

இரண்டு பேரும் சுகந்தானே? உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. முதல் தடவை தபால் பெட்டிப் பக்கத்திலேயே நின்று படித்தேன். தபால்காரர் பயந்துபோய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து "யாராவது போயிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லை, வந்திருக்காங்க" என்றேன். என்ன சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணா, நான் உன்னிடம் பொய் சொன்னேன். அவசரம் இல்லை என்று எழுதினேன். அவசரம்தான். எமெட்டின் இரண்டு கண்ணிலும் புரை. அந்தப் பணம் அதற்குத்தான். நவம்பர் பதினைந்தாம் தேதி டல்லாஸில் அறுவை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். நேற்று உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டினேன். முதல் தடவையாக எதையும் தாண்டவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். பிறகு, "உன் அண்ணனுக்கு எழுது. எல்லாத்தையும் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. டாக்டர் உறுதி எதுவும் கொடுக்கவில்லை.

ஓலீட்டா

*

கிளாரண்டன்
7 நவம்பர் 1966

அன்புள்ள ஓலீட்டா,

நாங்கள் நலம். நீ பயப்படாதே. பதினான்காம் தேதியே டல்லாஸுக்கு வந்துவிடுகிறேன். நெல்டாவும் வருகிறாள். நீ தனியாக அந்த வராந்தாவில் உட்கார வேண்டியதில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்குக் கோபம் வந்தது. நெல்டாவிடம் போய், "எமெட்டுக்குக் கண்ணு போகுதாம், உனக்குத் தெரியுமா?" என்றேன். மாவு டின்னைத் திறந்து உன் கடிதத்தை எடுத்து நீட்டினாள். ஆறு மாதமாக அந்த டின்னிலிருந்து செய்த பிஸ்கட்டைத்தான் நான் தின்றிருக்கிறேன். "பைத்தியக்காரி, சொல்லியிருந்தா அன்னிக்கே போட்டுக் கொடுத்திருப்பேனே" என்று கத்தினேன். "அதனாலதான் சொல்லலை" என்றாள்.

கொட்டிலில் போய் உட்கார்ந்து யோசித்தேன். அவள் சொன்னது சரி. நீங்கள் சொல்லியிருந்தால் நான் எமெட்டின் கண்ணுக்காகக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஊரும் அப்படித்தான் பேசியிருக்கும்: பாவம், தங்கை புருஷனுக்காக வெல்டன் பேரைக் கெடுத்துக்கொண்டான் என்று. நானும் சாகும்வரை அதையே நம்பியிருப்பேன். நெல்டா உனக்கு எழுதியதாகச் சொன்ன அந்த மூன்று குட்டிகளைப் பற்றி யாரிடமும் சொல்லியிருக்கமாட்டேன். மூன்றாவது, என் கையை நக்கியது ஓலீட்டா. துப்பாக்கி இருந்த கையை. இதை நெல்டாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது உனக்குச் சொல்லிவிட்டேன். எமெட்டின் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருந்ததற்கு உனக்கு நன்றி.

ரூபன் ஹாஸ்கெல் தன் ஆறு பெட்டைகளையும் வேறு இடத்துக்கு அனுப்பப் போவதாகச் சொல்லி அனுப்பினார். இன்னும் பதினோரு பேர் அப்படியே. குளிர்காலம் இறுக்கமாகத்தான் இருக்கும். மாடுகள் இருக்கின்றன, பார்த்துக்கொள்வோம். அடுத்த வசந்தத்தில் கொட்டிலில் எந்த நிறத்தில் எது பிறந்தாலும் அது எழுந்து நிற்கும். அதை மட்டும் நான் உனக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

கல்யாணத்தன்று நான் சொன்ன வார்த்தையை எமெட் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார் என்று மாவு டின்னில் இருந்த உன் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அந்த மனிதர் குனிந்து நின்று என் எத்தனையோ குதிரைகளின் காலைக் காப்பாற்றியிருக்கிறார். அவரிடம் நான் நேரில் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நேரில் எனக்கு வாய் வராது. நான் சொன்னது தப்பு. இதை அவருக்குப் படித்துக் காட்டு.

வெல்டன்

*

ஆன்ட்லர்ஸ்
9 ஜனவரி 1967

அன்புள்ள அண்ணா, அண்ணி,

சுகமா? டல்லாஸிலிருந்து நீங்கள் கிளம்பிய பிறகு இங்கே சரியான பனி. எமெட்டின் கண் கட்டு எல்லாம் பிரித்தாகிவிட்டது. வலது கண் அவ்வளவாக இல்லை, அதற்கு மேல் வராது என்கிறார் டாக்டர். இடது கண் வந்துவிட்டது. நேற்றுத்தான் கண்ணாடி கொடுத்தார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி. போட்டுக்கொண்டு என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "எப்போ இவ்வளவு நரைச்சுது உனக்கு?" என்கிறார். இதற்காகவா இத்தனை பாடுபட்டேன் என்று கேட்டேன்.

நவம்பரில் நீ எழுதிய கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை அண்ணா. நீ சொல்லியும் காட்டவில்லை. மடித்து வைத்துக் காத்திருந்தேன். இன்று காலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கீழே அவர் எழுத வேண்டுமாம். இடம் விட்டிருக்கிறேன்.

ஓலீட்டா

மச்சானுக்கு எமெட் எழுதுவது. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எழுதி மூன்று வருடம் ஆகிறது. உங்கள் கையெழுத்து கோழி கிளறியதைவிட மோசம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டி வந்தது. யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை. நீங்கள் எழுதியதை முழுவதும் நானே படித்தேன்.

எமெட்